வீட்டுச் சுவருக்குள் சிற்றழுத்தக் கம்பிகள்

வீடு கட்டத் தொடங்குகிற ஒருவர், அஸ்திவாரத்தின் ஆழத்தைப் பற்றியும், தளத்துக்கு இடவேண்டிய முறுக்குக் கம்பியின் கனத்தைப் பற்றியும், விளக்கு, விசிறி, குளிர்சாதனம் முதலியவற்றுக்குச் செல்ல வேண்டிய மின்கம்பிகளைப் பற்றியும் பொறியாளரோடும் மேஸ்திரியோடும் பல நாள் ஆலோசனை செய்வது வழக்கம். ஆனால் அதே வீட்டில் தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் கண்காணிப்புக் காமிராவுக்கும் வேண்டிய மெல்லிய கம்பிகள் எந்தச் சுவர் வழியாக, எந்தக் குழாயில் வரப்போகின்றன என்ற கேள்வி, வர்ணம் பூசி முடித்துக் கிரகப் பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பெரும்பாலும் எழுகிறது. ஜன்னல் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் கறுப்புக் கேபிளையும், கதவு நிலையின்மேல் ஆணி ஆணியாக அறைந்து கொண்டுபோன வெள்ளைக் கம்பியையும், இலட்சக்கணக்கான ரூபாய் செலவிட்டுக் கட்டிய புது வீடுகளிலேயே நாம் காண நேர்வது இதனால்தான். இந்தக் கம்பிகளின் தன்மை என்ன, நம் நாட்டுச் சுவர்களின் தன்மை என்ன, இவ்விரண்டும் எந்த முறையில் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதை முழுமையாக ஆராய்வது அவசியமென்று நான் கருதுகிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்வோம். மாறுதிசை மின்சாரத்தில் 50 வோல்ட்டுக்கும், நேர்திசை மின்சாரத்தில் 120 வோல்ட்டுக்கும் மேற்படாததை மிகத் தாழ்ந்த அழுத்தம் என்று சர்வதேச விதிகள் வகுத்திருக்கின்றன. நம் மின்வாரியத்தார் தாழ்வழுத்தம் என்று சொல்வது வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டையே ஆதலால், குழப்பம் நேராதபடி, இந்தச் சிறு அழுத்தத்தைச் சிற்றழுத்தம் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். 12 வோல்ட்டில் இயங்கும் காமிராவும், 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் காத்திருக்கும் பழைய தொலைபேசியும், சில வோல்ட்டுகளுக்குள் செய்தியைச் சுமந்து செல்லும் இணையக் கம்பியும் இவ்வகையைச் சேர்ந்தவை. தொலைபேசியின் மணி அடிக்கும்போது மட்டும் அந்தக் கம்பியில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் பாய்கிறது. வாசலில் உள்ள அழைப்புமணி, அமெரிக்காவில் 16 வோல்ட் மின்மாற்றியின் துணையோடு சிற்றழுத்தத்தில் இயங்குகிறது. நம் வீடுகளிலோ அது பெரும்பாலும் 230 வோல்ட்டிலேயே அடிப்பதால் அதனை இந்த இனத்தில் சேர்ப்பதற்கில்லை.

சென்னைக்குத் தொலைபேசி நிலையம் வந்தது 1882-ஆம் ஆண்டில். அது முதல் ஏறக்குறைய நூறாண்டுக் காலம், ஒரு வீட்டின் சிற்றழுத்தக் கம்பி என்றால் முறுக்கிய ஓர் இணை செப்புக் கம்பிதான். அதுவும் வசதி படைத்த சில வீடுகளில் மட்டுமே. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து தட்டையான ரிப்பன் வயர் ஒன்று வீட்டுக்குள் இறங்கியது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடற்கரை ஊர்களில் அந்த ஆண்டெனாக்கள் இன்னும் உயர்ந்தன. 1990-களில் தெருவழியே கேபிள் தொலைக்காட்சி பரவியபோது ரிப்பன் வயர் மறைந்து, 75 ஓம் மின்மறுப்பு கொண்ட உருண்டையான கேபிள் அந்த இடத்தைப் பிடித்தது. 2005-க்குப் பிறகு தொலைபேசிக் கம்பியிலேயே வேகமான இணையம் வந்தது. பின்னர் எட்டு இழைகள் கொண்ட இணையக் கேபிளும், அதற்கும் பின்னர் கண்ணாடி இழையும் வந்தன. ஐம்பது ஆண்டுகளில் ஐந்து வகைக் கம்பிகள் ஒரே வீட்டுக்குள் வந்திருக்கின்றன. அவற்றுள் முதல் இரண்டும் இன்று பெரும்பாலும் பயன்படுவதில்லை. இதே காலத்தில் அந்த வீட்டின் சுவர்களில் ஒன்றுகூட மாறவில்லை. சுவரின் ஆயுள் வேறு, கம்பியின் பிரயோசன காலம் வேறு என்னும் இந்த உண்மையைக் கண்முன் நிறுத்திக்கொண்டு பார்த்தால், சுவருக்குள் புதைக்க வேண்டியது கம்பியை அன்று, கம்பி போவதற்கும் வேண்டாதபோது வெளியே வருவதற்கும் உரிய பாதையை மட்டுமே என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது பிரதானமாக இதுவே.

இனிச் சுவரின் தன்மையைப் பார்ப்போம். இவ்விஷயத்தைப் பற்றி இன்று கிடைக்கும் செய்முறை விளக்கங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே குடியிருப்பு வீட்டின் சுவர் என்பது பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்களின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அறைந்து அமைத்த கூடு. அதன் உள்ளே மூன்றரை அங்குல வெற்றிடம் இருக்கிறது. பலகையில் ஒரு சிறு துளையிட்டு, வளையக்கூடிய ஒரு நீண்ட கோலை உள்ளே செலுத்தி, எந்தக் கம்பியையும் மேலிருந்து கீழே இழுத்துவிடலாம். மின்வழங்கியின் ஆற்றல் 100 வோல்ட்-ஆம்பியருக்கு மேற்படாத வகையைச் சேர்ந்த கம்பிகளைக் குழாயின்றியே அப்படிக் கொண்டுபோக அந்நாட்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. மரச்சட்டத்தில் இடும் துளை விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்பதும், அவ்வளவு இடமில்லையெனில் பிற்காலத்தில் அறையப்படும் ஆணி கம்பியைத் தாக்காதிருக்க எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பதும் அங்குள்ள முக்கியமான நியமங்கள். அந்த நாட்டின் சுவருக்கு அந்த முறை பொருத்தமானதே. நம் செங்கல் சுவருக்குள் கோல் நுழைவதற்கு வெற்றிடம் ஏது? அந்த விளக்கத்தை நம்பி, பூச்சு முடிந்த பிறகு கம்பியை இழுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் வீட்டுக்காரர், கடைசியில் உளியையும் சுத்தியலையும் கையாளும்படி நேர்கிறது.

நம் நாட்டுச் செங்கல் சுவரில் குழாய் புதைப்பதற்குக் காடி எடுப்பது ஒன்றே வழி. காடி எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பாரம் தாங்கும் சுவரில் நெடுக்காக எடுக்கும் காடியின் ஆழம் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடையாக எடுக்கும் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்படக்கூடாது என்பது கட்டுமான சாஸ்திரத்தின் விதி. ஒன்பது அங்குலச் சுவரின் கனம் ஏறக்குறைய 230 மில்லிமீட்டர் என்று கொண்டால், நெடுக்கில் 76 மில்லிமீட்டரும் கிடையில் 38 மில்லிமீட்டரும் கிடைக்கின்றன. 25 மில்லிமீட்டர் குழாய் இரண்டிலும் அடங்கும். நாலரை அங்குலச் சுவரிலோ கிடைக்காடிக்குக் கிடைப்பது 19 மில்லிமீட்டர் மட்டுமே. 20 மில்லிமீட்டர் குழாய்க்குக்கூட அது போதாது. தூணும் உத்தரமுமாக நிற்கும் இக்காலக் கட்டடங்களில் நாலரை அங்குலச் சுவர் பாரம் தாங்குவதில்லை என்பது உண்மையானாலும், அதிலே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கிடையாகக் காடி வெட்டினால், பூச்சின்மேல் அதே கோட்டில் விரிசல் ஓடுவதைத் தடுப்பது கடினம். ஆகவே, கிடையாகப் போக வேண்டிய பயணத்தையெல்லாம் தளத்திலேயே முடித்துக்கொண்டு, சுவரில் மேலிருந்து கீழே நேராக இறங்குவதே உத்தமமான முறை. காடியில் குழாயை வைத்துக் கலவையால் மூடும்போது, கொத்தனார்கள் சிக்கன் மெஷ் என்று சொல்லும் மெல்லிய கம்பிவலையை அதன்மேல் விரித்துப் பூசினால் விரிசல் பெரிதும் குறையும்.

தளத்திலே முடித்துக்கொள்வது என்றால், கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பே எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். செண்டரிங் பலகையின்மேல் கீழ்வரிசைக் கம்பி கட்டி முடித்த பிறகு, அதன்மேல் குழாய்களைப் பரப்பிக் கட்டுக்கம்பியால் பிணைக்கிறார்கள். ஐந்து அங்குலத் தளத்தில் ஓரிரு குழாய்கள் போவதில் குற்றமில்லை. மூன்று நான்கு குழாய்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டால் அந்த இடத்தில் கான்கிரீட்டின் கனம் குறைந்து தளம் பலவீனப்படும். வாயைத் திறந்துவிட்ட குழாய்க்குள் சிமெண்டுப் பாலும், நீராற்றும் நாட்களில் தேங்கும் தண்ணீரும் புகுந்து, பிற்காலத்தில் எந்தக் கம்பியும் நுழையாதபடி அடைத்துவிடுகின்றன. குழாயின் ஒவ்வொரு முனையையும் மூடியிட்டு அடைப்பதும், உள்ளே ஓர் இழுவைக் கம்பியை விட்டுவைப்பதும், பூச்சு வேலை தொடங்குமுன் அந்தக் கம்பியை இருபுறமும் இழுத்துப் பார்ப்பதும் சில நிமிஷ வேலைகள். இவற்றைச் செய்யாமல் விட்டதன் பலனை அறிய வேண்டுமானால், குடிபுகுந்த பிறகு, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாத குழாயைத் தேடிச் சுவரைத் தட்டிக்கொண்டே நடக்கும் எலக்ட்ரீசியனைக் கேட்டால் போதும். சுவர்களையும் தளத்தையும் அலுமினிய அச்சில் ஒருங்கே கான்கிரீட்டாக வார்க்கும் புதிய அடுக்குமாடிகளில் இந்த ஜாக்கிரதை இன்னும் பன்மடங்கு அவசியமாகிறது. அந்தச் சுவரில் பிறகு காடி எடுக்கவே கூடாது.

குழாயின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயின் உட்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கம்பிகள் நிறையக்கூடாது. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள இணையக் கேபிள் 25 மில்லிமீட்டர் குழாயில் நான்கு வரை சௌகரியமாகப் போகும். ஐந்தாவதைத் திணிக்கும்போதே நெருக்கடி தொடங்குகிறது. இந்தக் கேபிளை 110 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 11 கிலோ எடையின் இழுவைக்கு, மேற்பட்ட பலத்தோடு இழுத்தால் உள்ளே உள்ள முறுக்குகள் நீண்டு குலைகின்றன. தன் கனத்தைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்கும் குறுகலாக அதை வளைத்தாலும் அதே கேடு நேர்கிறது. விளக்குக் கம்பிக்குச் சரியாக இருக்கும் குறுகிய எல்போ, ஆகையால், இதற்கு உதவாது. பெரிய வளைவுள்ள பெண்ட் துண்டுகளையே போட வேண்டும். இரண்டு இணைப்புப் பெட்டிகளுக்கிடையே செங்கோண வளைவு இரண்டுக்கு மேற்படாதிருப்பது நல்லது. இன்னொரு குழாயும் சேர்த்துப் போடுவதா என்ற சந்தேகம் எழும் இடங்களில், போட்டுவிடுங்கள் என்றே நான் சொல்வேன். குழாயின் விலை அற்பம். பிறகு சுவரை உடைக்கும் செலவு அற்பமன்று.

அடுத்து வருவது, 230 வோல்ட் கம்பிகளோடு இவை ஒரே குழாயில் செல்லலாமா என்ற கேள்வி. செல்லக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உயிரைப் பற்றிய காரணமே முதன்மையானது. சிற்றழுத்தக் கம்பியின் மேலுறை 230 வோல்ட்டைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. பக்கத்தில் போகும் மின்கம்பியின் உறை வெயிலாலோ, பளுவாலோ, எலியின் பல்லாலோ பழுதாகுமானால், வீட்டின் மின்சாரம் முழுவதும் இந்த மெல்லிய கம்பியில் ஏறி, தொலைபேசியையோ கணினியையோ தொடுகிறவர் கையில் வந்து சேரும். இதனால்தான் இருவகைக் கம்பிகளும் ஒரே குழாயில் செல்ல வேண்டுமானால் எல்லாக் கம்பிகளின் உறையும் அக்குழாயில் உள்ள மிக உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சர்வதேச விதிகள் நிபந்தனை இடுகின்றன. ஒரே சுவிட்சுப் பெட்டிக்குள் இரண்டையும் தடுப்பின்றி வைப்பதும் அதே தவறுதான். மற்றொரு காரணம் செய்தியின் தெளிவைப் பற்றியது: மாறுமின்சாரம் பாயும் கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் அலைந்துகொண்டே இருக்கிறது, நெடுந்தூரம் அதற்கு இணையாக ஓடும் மெல்லிய கம்பியில் அது தன் சாயலை ஏற்றிவிடுகிறது. இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் குறுக்கிடுவதும், இணையாகப் போக நேர்ந்தால் சில அங்குலமேனும் விலகிப் போவதும் இதற்குப் பரிகாரம்.

இந்த இடையூற்றை வெல்ல அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே ஒரு நுட்பத்துக்குக் காப்புரிமை பெற்றார் என்பது வியப்புக்குரியது. போக்குக் கம்பியையும் வரத்துக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், புறத்திலிருந்து வரும் தொந்தரவு இரண்டிலும் சம அளவில் ஏறுகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டின் வேற்றுமையை மட்டும் படிப்பதால், அந்தத் தொந்தரவு தானாகவே கழிந்துபோகிறது. இன்றைய இணையக் கேபிளின் நான்கு இணைகளும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில், இப்படி முறுக்கப்பட்டவையே. ஒரு விநாடிக்கு நூறு கோடி குறிகள் 100 மீட்டர் தூரம் பிழையின்றிப் போவது அந்த முறுக்கின் மகிமையால்தான். முனையில் இணைக்கும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது என்னும் விதியின் காரணத்தை அறியாத வேலைக்காரர், வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்து வைத்துவிடுகிறார். கேபிள் நல்லதாக இருந்தும் வேகம் வருவதில்லை. கேபிளே நல்லதாக இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. அலுமினியத்தின்மேல் செப்பு முலாம் பூசிய கம்பி, செப்புக் கேபிளைப் போலவே தோற்றமளித்து மலிவாகக் கிடைக்கிறது. அதன் தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும், கம்பி வழியே மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். சுவருக்குள் போகும் இடத்தில் அதனை ஒருபோதும் ஏற்கலாகாது.

மின்சாரத்தையே சிற்றழுத்தத்தில் அனுப்பும்போது வேறொரு கணக்கு முன்னே வருகிறது. இதனை வீட்டுக்காரர்கள் அறியாதிருப்பதால் நேரும் நஷ்டம் கொஞ்சமன்று. வாசல் கேட்டில் உள்ள ஒரு சாதனத்துக்கு 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் வேண்டியிருக்கிறது என்றும், வீட்டிலிருந்து அது 30 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் போக வர 60 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 2 ஓம். ஆகவே வழியிலேயே 2 வோல்ட் கரைந்து, சாதனத்துக்குப் பத்தே வோல்ட் போய்ச் சேர்கிறது. பகலில் ஒழுங்காகக் காட்சி தரும் காமிரா, இரவில் தன் அகச்சிவப்பு விளக்கை ஏற்றியதும் அணைந்து அணைந்து எரிவதன் மூலகாரணம் பல வீடுகளில் இதுதான். காமிராவை மாற்றிப் பயனில்லை. அதே 12 வாட் சக்தியை 48 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியர் போதும்; கரைவது அரை வோல்ட் மட்டுமே. இணையக் கேபிளின் வழியே செய்தியோடு மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை 50 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தைத் தேர்ந்துகொண்டிருப்பது இந்த நியாயத்தால்தான், 2003-இல் 15.4 வாட்டாக வகுக்கப்பட்ட அதன் எல்லை, 2018-இல் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. காமிராவுக்கு இந்த முறையே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

சிற்றழுத்தம் என்றால் அபாயமில்லை என்ற எண்ணமும் தவறானது. அழுத்தம் குறையக் குறைய, அதே சக்திக்கு மின்னோட்டம் பெருகுகிறது. சூடு உண்டாவதோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் வீடுகளில் சாதாரணமாக உள்ள 800 வோல்ட்-ஆம்பியர் இன்வெர்ட்டர் முழுப் பளுவில் ஓடும்போது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அறுபது ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. பாட்டரியைப் பக்கத்திலேயே வைத்துத் தடித்த கேபிளால் இணைப்பது இதன் பொருட்டே. அந்தக் கேபிளை நீட்டிச் சுவருக்குள் கொண்டுபோய் வேறோர் அறையில் பாட்டரியை வைக்கும் யோசனையை எந்த நல்ல எலக்ட்ரீசியனும் ஒப்புக்கொள்ள மாட்டார். பொய்க்கூரைக்குள் ஒளிக்கும் விளக்குப் பட்டைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 60 வாட் பட்டை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொள்கிறது, 24 வோல்ட்டில் அதில் பாதியே கொள்ளும். அதற்கு மின்சாரம் தரும் சிறு பெட்டியைக் கை எட்டும் இடத்தில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும்.

வீடு முழுவதையுமே சிற்றழுத்த நேர்மின்சாரத்தில் இயக்கலாமே என்ற எண்ணமும் நம்மவர்களுக்குத் தோன்றாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் சகாக்களும் 48 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டு சூரிய மின்சார வீட்டு அமைப்பு ஒன்றை உருவாக்கி, ராஜஸ்தானத்துப் பாலைவனக் கிராமங்களில் மின்சாரமே காணாத வீடுகளில் நிறுவினார்கள். சூரியத் தகட்டிலிருந்து வருவது நேர்மின்சாரம். பாட்டரியில் தங்குவதும் அதுவே. இன்றைய விளக்கும் புதுவகை விசிறியும் உள்ளூர விரும்புவதும் அதுவே. இடையில் மாறுமின்சாரமாக்கி மறுபடி நேராக்குவதில் வீணாகும் பங்கை மிச்சப்படுத்துவது நியாயமான காரியம். பழைய விசிறி 75 வாட் கொள்ளும் இடத்தில் புதுவகை விசிறி 30 வாட்டை ஒட்டியே கொள்கிறது. ஆனால் அரைக்கும் இயந்திரமும் குளிர்சாதனமும் 48 வோல்ட்டில் கேட்கும் மின்னோட்டத்தை நம் சுவர்க் குழாய்கள் தாங்கமாட்டா. ஆகவே விளக்கு, விசிறி அளவில் இது வெகு தூரம் செல்லக்கூடிய யோசனையென்றும், அதற்கு அப்பால் இல்லையென்றும் நான் நினைக்கிறேன்.

கம்பியில்லா இணையம் வந்த பிறகு இத்தனை குழாய்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜிப்சம் பலகைச் சுவரை எளிதில் கடந்துவிடும் அலை, ஒன்பது அங்குலச் செங்கல்லிலும், கம்பி வலை பொதிந்த கான்கிரீட் தளத்திலும் பெரும்பகுதி வலுவிழக்கிறது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் விரைவில் தளர்கிறது. கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு கருவியை வைத்துவிட்டு மாடியறையில் இணையம் வரவில்லை என்று வருந்துவோர் அநேகர். மாடியில் இன்னொரு கருவியை வைத்து, இரண்டையும் கம்பியால் இணைப்பதே தீர்வு; அந்தக் கம்பிக்குப் பாதை வேண்டும். கண்ணாடி இழையைப் பொறுத்தவரை, வளைவைத் தாங்கும் புதிய இழைகள் 10 மில்லிமீட்டர் ஆரம் வரை பொறுத்துக்கொண்டாலும், முறிந்தால் தனிக் கருவியின்றி ஒட்டவைக்க முடியாதவை. ஆதலால் குழாய் இவற்றுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். தெருக்கம்பத்திலிருந்து வரும் இழையோடு சேர்ந்து வரும் எஃகுத் தாங்குகம்பியை வெளிச்சுவரிலேயே நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே விடுவது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையிலும், கோடையின் மாலை இடியிலும், வெளியே ஓடும் ஒவ்வோர் உலோகக் கம்பியும் மின்னலின் அதிர்ச்சியை வீட்டுக்குள் அழைத்துவரும் வழியாகும். கேட்டுக் காமிராவின் கம்பி நுழையும் இடத்தில், நல்ல எர்த்தோடு இணைந்த அதிர்ச்சித் தடுப்பான் ஒன்றைப் பொருத்துவது பெருஞ்செலவன்று.

ஏற்கனவே கட்டி முடிந்த வீடுகளுக்கு என்ன வழி? சாதாரணப் பூச்சுள்ள சுவரானால், மீண்டும் வர்ணம் பூச நேரும் சமயம் பார்த்து, நெடுக்காக ஒன்றிரண்டு காடி எடுத்துக்கொள்ளலாம். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் இதையும் நான் சம்மதிக்கமாட்டேன். முட்டை வெண்கருவும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய செட்டிநாட்டுச் சுவரில் ஓர் அடிக் காடி எடுத்தால், அதைப் பழையபடி ஆக்கித் தரக்கூடிய கைகள் இன்று மிகவும் அரிது. சிமெண்டால் அடைத்தாலோ, சுண்ணாம்பும் சிமெண்டும் ஒத்துப்போகாமல் அந்த இடம் உதிரத் தொடங்கும். அத்தகைய வீடுகளில், மரச்சட்டத்துக்குள் கம்பியை வைத்து மூடிய பழைய காலத்துக் கேசிங் முறையே சிறந்தது. உத்தரத்தின் ஓரமாகவும், கதவு நிலையின் பக்கமாகவும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும் அந்தச் சட்டத்தை ஓட்டி, மரத்தின் நிறத்துக்கே சாயம் ஏற்றினால் கண்ணை உறுத்தாது. மூடியைக் கழற்றிக் கம்பியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சட்டத்தைத் தாங்கும் ஆணிகளைக்கூடச் சுண்ணாம்புப் பூச்சில் அறையாமல், கூடியவரை மரத்திலேயே அறையும்படி பாதையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள முடியும்.